பப்பாளிக் குளவிக்குப் பெயர் வைத்த கட்டுரை

2003இல் ஜான் நோய்ஸ், மைக்கேல் ஷாஃப் என்ற இரு பூச்சியியலாளர்கள் எழுதி, வாஷிங்டன் பூச்சியியல் கழகத்தின் இதழில் வெளியான சிறு கட்டுரை ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். சில பக்கங்களே உள்ள அக்கட்டுரை, செடியின் சாற்றை உறிஞ்சும் பப்பாளி மாவுப்பூச்சியின் உடலுக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளில் இரண்டைப் புதிய இனங்களாக விவரித்துப் பெயரிட்டது. அவற்றுள் ஒன்றான அசிரோபேகஸ் பப்பாயே, ஏழு ஆண்டுகள் கழித்துக் கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது.

மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நடு அமெரிக்காவும். அதுவே 1992இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கரீபியத் தீவுகளிலும் புளோரிடாவிலும் பரவியபோது, அமெரிக்க வேளாண்துறையினர் மெக்சிகோவுக்குச் சென்று அதன் இயற்கை எதிரிகளான குளவிகளைத் திரட்டிவந்து, வளர்த்து, பாதிக்கப்பட்ட இடங்களில் விடத் தொடங்கினார்கள். அப்போது அசிரோபேகஸுக்கு இனப்பெயரே கிடையாது. அயல்நாட்டுப் பூச்சி ஒன்றை விடுவதற்கு முன்னால் அது எதைத் தாக்கும், எதைத் தாக்காது என்று உறுதி செய்தாக வேண்டும்; பெயரும் விவரிப்பும் இல்லாத பூச்சியைப் பற்றி ஓர் ஊரில் கண்டறிந்ததை இன்னோர் ஊரில் நம்பிப் பயன்படுத்த முடியாது. ஆகவே அந்தக் கட்டுரையை வெறும் சம்பிரதாயமாக நான் கருதுவதில்லை.

அப்படி விவரிப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதையும் சொல்லியாக வேண்டும். இக்குளவியின் நீளம் ஒரு மில்லிமீட்டரை எட்டாது. இவ்வகைக் குளவிகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, உள்ளிருக்கும் தசையைக் கரைத்து, இறக்கையையும் உணர்கொம்பையும் தனித்தனியே பிரித்து, கண்ணாடிச் சில்லின்மேல் கனடா பால்சம் என்ற தெளிந்த பிசினில் பதிக்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ், உணர்கொம்பில் எத்தனை கணுக்கள், ஒவ்வொன்றின் நீளமும் அகலமும் என்ன விகிதத்தில் இருக்கின்றன, முன்னிறக்கையில் மயிரற்ற கோடு எங்கே ஓடுகிறது, முட்டையிடும் உறுப்பு எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாக அளந்து, நெருங்கிய உறவுள்ள இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இது புதிது என்று சொல்ல முடியும். இக்குளவி சேர்ந்த, நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட என்சிர்டிடே குடும்பத்தில் அதைச் சொல்வதற்கு ஆயுள் முழுவதும் பழகிய கண் வேண்டும்.

கோவையில் 2008இல் கண்டறியப்பட்ட இந்த மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி, பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று கண்ட செடியிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. உடம்பின்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து எளிதில் உள்ளே இறங்காது. இறங்கும்வரை திரும்பத் திரும்ப அடித்தால் மல்பெரி இலையில் நஞ்சு தங்கும். அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுக்கள் செத்துப்போகும். பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி.

இந்நிலையில்தான், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று குளவி இனங்கள் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தன. அங்கே பெருக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலிய அமைப்புகள் வழியாக வயல்களுக்குச் சென்றன. மூன்றில் நன்றாக வேர்பிடித்தது அசிரோபேகஸ் பப்பாயேதான். தாய்க்குளவி பெரும்பாலும் மாவுப்பூச்சியின் இரண்டாம் நிலைக் குஞ்சாகப் பார்த்து, அதன் உடலுக்குள் முட்டையிடுகிறது. உள்ளே பொரிக்கும் புழு மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வதால், அது உப்பி, இறுகி, பழுப்பு நிறக் கூடாகிவிடுகிறது. இன்றைக்கும் பப்பாளி இலையின் அடிப்புறத்தைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், வெள்ளை மெழுகுக்கு நடுவே அத்தகைய கூடுகளையும், குளவி கடித்து வெளியேறிய வட்டமான துளையையும் காணலாம். நான் பார்த்தவற்றில் அத்துளையின் விளிம்பு பிசிறில்லாமல் இருந்தது. இந்த முயற்சியால் இந்தியாவுக்கு ஐந்தாண்டுகளில் கிடைத்த பயன் 52 கோடி முதல் 134 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2014இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

இதே வரலாறு மரவள்ளி மாவுப்பூச்சியிலும் தொடர்ந்தது. அதன் ஒட்டுண்ணியான லோபெசி என்ற குளவியை அர்ஜென்டினாவின் லூயிஸ் டி சாண்டிஸ் 1964இல் விவரித்தபோது, அது தாக்கும் மரவள்ளி மாவுப்பூச்சிக்கு இன்னும் பெயர்கூட வைக்கப்படவில்லை. அது 1977இல்தான் விவரிக்கப்பட்டது. பின்னர் அக்குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளிச் சாகுபடியைக் காத்தது. 2020இல் அம்மாவுப்பூச்சி கேரளத்தில் காணப்பட்டு, தமிழகத்துக்கும் பரவியது. லோபெசி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.