முதுகு கிடைத்தாச்சு, கையை எங்கே வைப்பது?

வடசென்னையில் ஜியு-ஜிட்சு என்ற, ஆளைப் பிடித்து மடக்கும் சண்டைக் கலையைப் பழக வருகிறவர்கள் பலர் குத்துச்சண்டை பழகிவிட்டு வருகிறவர்கள். ராயபுரமோ வியாசர்பாடியோ, கைவலு அவர்களுக்குக் குறையே இல்லை. ஆனால் எதிராளியின் முதுகு கிடைத்ததும், அதாவது அவன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டதும், உடும்புப் பிடியாக இறுக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் முன்னங்கை கல்லாகிவிடும், விரல் தானாகத் திறந்துகொள்ளும், ஆள் நழுவிப் போய்விடுவான். பிடியை முடிவு செய்ய வேண்டியது உங்கள் பலம் அல்ல. அவன் கைகள் இப்போது என்ன செய்கின்றன என்பதுதான்.

அடிப்படைப் பிடிக்கு சீட் பெல்ட் என்று பெயர். உங்கள் வலது கை அவன் வலது தோளுக்கு மேலே, இடது கை அவன் இடது அக்குளுக்குக் கீழே, இரண்டும் நெஞ்சில் சேர வேண்டும். கழுத்தை நெரிக்கப் போகப்போவது வலது கை. அதை அடியில் வைத்து, இடது உள்ளங்கையால் மூடுங்கள். மாற்றி வைத்தால் அவன் முதலில் பிய்த்தெடுப்பது உங்கள் ஆயுதத்தைத்தான். விரல்களைக் கோத்துக்கொள்ளவே வேண்டாம். அவசரத்துக்குப் பிரிக்க வராது. சாய வேண்டியதும் வலது பக்கம்தான். இடது பக்கம் விழுந்தால் அக்குளுக்குள் போன கை அவன் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், அவன் தோளைத் தரையில் வைத்துத் திரும்பிவிடுவான்.

மே மாதப் புழுக்கத்தில், கீ எனும் தடித்த பயிற்சி உடை இல்லாமல் உருண்டு பழகும்போது, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்த பிடி வழுக்கும். அப்போது இடது கையால் உங்கள் வலது மணிக்கட்டையே பிடியுங்கள்.

அவன் சும்மா இருக்க மாட்டான். இரண்டு கையாலும் உங்கள் வலது கையைப் பிடித்துக் கீழே இழுப்பான். இங்கேதான் பலரும் இழுபறியில் இறங்கிக் கெடுத்துக்கொள்கிறார்கள். அவன் இரண்டு கைக்கு உங்கள் ஒரு கை எப்படி ஈடாகும்? இடது கையை விடுவித்து, அவன் இடது மணிக்கட்டைப் பிடித்து இடுப்புப் பக்கம் தள்ளி, உங்கள் இடது காலை அதன் மேல் போட்டு அமுக்குங்கள். நெஞ்சுக்கும் அவன் முதுகுக்கும் இடையில் இடைவெளி இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் ஒரு ஹூக் (அவன் தொடைக்குள் கொக்கியாகப் போட்ட உங்கள் கால்) கழன்றிருக்கும். இனி உங்கள் இரண்டு கைக்கு அவன் ஒரு கை. கழுத்து அப்புறம்தான்.

கீ போட்டிருந்தால் வேலை சுலபம், துணி வழுக்காது. இடது கையால் அவன் இடது காலரைக் கீழே இழுத்துத் தொய்வை எடுங்கள். வலது கை அதே காலரில் கட்டைவிரலை உள்ளே விட்டு, காதுக்குக் கீழே எட்டும் வரை ஆழமாகப் பிடிக்கட்டும். நெஞ்சளவிலேயே பிடித்தால் தாடைதான் வலிக்கும், சோக், அதாவது கழுத்து நெரிப்பு, விழாது. பிறகு இடது கை அவன் முழங்கால் பக்கத்துப் பேன்ட் துணிக்குப் போகலாம். வெளித்துணியைக் கொத்தாகப் பிடியுங்கள். பேன்ட் விளிம்புக்குள் விரலை விடுவது சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப்பின் விதிப்படி தவறு.