கிறிஸ்துமஸ் பாட்டிகள்

பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த சீட்டில் ஆறு சாமான் எழுதியிருந்தது. பால், முட்டை, ரொட்டி என்று வரிசையாக வந்து, கடைசியில் 'கெர்ஸ்டோமாச்சஸ்' என்று ஒன்று. அவருக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எண்பதைத் தொடுகிற வயது. கடைக்குப் போகிற வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நெதர்லாந்தில் ஐந்தோவன் நகருக்கு வந்து எனக்கு ஏழு மாதம். டச்சு வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம். படித்ததை யாரிடமாவது காட்டாவிட்டால் தூக்கம் வராத பருவம்.

டிசம்பர் மாதம். கெர்ஸ்ட் என்றால் கிறிஸ்துமஸ், ஓமா என்றால் பாட்டி. எந்தச் சொல்லின் பின்னாலும் 'ச்ச' என்று ஒரு வாலை ஒட்டினால் அது குட்டியாகிவிடும்; இந்த ஊரில் காபியும் பீரும்கூடக் குட்டிதான். கடைசி 'ஸ்' பன்மை. ஆக, கிறிஸ்துமஸ் குட்டிப் பாட்டிகள். அகராதியைத் தொடாமல் நானே பிரித்துக் கண்டுபிடித்ததில் உள்ளூரப் பெருமை. சாக்லேட்டில் எழுத்துகள் விற்கிறார்கள், மார்சிபானில் பன்றிக்குட்டி விற்கிறார்கள், பாட்டி பொம்மை விற்க மாட்டார்களா என்ன?

பிஸ்கட் வரிசையில் இருபது நிமிடம் தேடினேன். கிடைக்கவில்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் போய், "கெர்ஸ்ட்... ஓமாச்சஸ்?" என்று நிறுத்தி, தெளிவாக, அழகாகக் கேட்டேன். அவன் சீட்டை வாங்கிப் பார்த்தான். காது சிவக்கும் அளவுக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, என்னைக் காய்கறிப் பக்கம் கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தான். செர்ரித் தக்காளி. கெர்ஸ் என்றால் செர்ரி. மீதி, டோமாச்சஸ். குட்டித் தக்காளிகள்.

அந்த 'ட்' யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் சிக்கல். முன்சொல்லோடு போனால் பாட்டி, பின்சொல்லோடு போனால் தக்காளி. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று ஒன்பதாம் வகுப்பில் ஒப்பித்தது, சைக்கிளில் வீடு திரும்பும்போது எதிர்காற்றில் ஞாபகம் வந்தது. ட் மேல் ஓ ஏறி டோ ஆகிவிட்டது. எத்தனை பேர் பேச்சில் ஏறியிருக்கும் சூத்திரம், அது கடைசியில் என்னைத் தக்காளியில் கவிழ்த்தது.

எங்கள் தமிழம்மா பொதுமொழி நடத்தும்போது 'பலகை' என்று கரும்பலகையில் எழுதுவார். ஒன்றாகப் பார்த்தால் மரப்பலகை, பிரித்துப் பார்த்தால் பல கை. வைகை என்றால் ஆறு. பிரித்தால் 'கையை வை'. நாங்கள் சிரிப்போம். அதற்கு மேலே போய் தொல்காப்பிய உரையில் வரும் 'செம்பொன்பதின்றொடி' என்ற உதாரணத்தையும் சொல்வார். செம்பொன் பதின் தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி எடைத் தங்கம். செம்பு ஒன்பதின் தொடி என்றால் ஒன்பது தொடி எடைச் செம்பு. எழுத்தில் ஒன்றுதான், சொல்கிற இசையில்தான் தங்கமா செம்பா என்று தெரியும் என்பார். அந்த 'இசை' என்ற சொல்லுக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் புரியவில்லை. மார்க் வந்தது, போதும்.

தக்காளி டப்பாவோடு நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நானும் ஓமாதான், என்னையும் வாங்கி வந்திருக்கலாம்" என்றார். பேர் சொல்லிக் கூப்பிடு என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எண்பது வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. 'மெஃப்ரௌ', அதாவது அம்மையார், என்றே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து புதன்கிழமை மதியம் அவர் வீட்டில் எனக்கு வகுப்பு. ஒரு காபி, ஒரு பிஸ்கட். டப்பா உடனே மூடப்படும். "இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்க" என்று ஒரு குரல் வரும் என்று என் காது இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அவர் பழைய உறைகளின் பின்புறத்தில் சொற்களை எழுதி வைத்திருப்பார். வல்கௌல்: 'வல்-கௌல்' என்றால் விழவைக்கிற குழி, 'வல்க்-அவுல்' என்று பிரித்தால் வல்லூறு-ஆந்தை. இன்னொரு சொல்லை 'மசாஜ-பெட்' என்று படித்தால் மசாஜ் கட்டில். அதே எழுத்துகளை 'மாஸா-கபெட்' என்று படித்தால் கூட்டுப் பிரார்த்தனை. க்வார்ட்ஸ்லாகன் என்பது கால் திருப்பங்களாகவும் இருக்கலாம், குவார்ட்ஸ் பாறை அடுக்குகளாகவும் இருக்கலாம். டச்சுக்காரர்களே இவற்றை விளையாட்டாகச் சேர்த்து வைக்கிறார்கள். இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு இடைவெளி விட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. ஒரு பொருள், ஒரு சொல், அதற்கு எதற்கு நடுவில் ஓட்டை என்றார்.

ஒரு நாள் 'டெய்க்ராம்ப்' என்று எழுதினார். டெய் என்றால் தொடை, க்ராம்ப் என்றால் தசைப்பிடிப்பு. தன் காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். 'டெய்க்-ராம்ப்' என்று பிரித்தால், கரை உடைந்த பேரழிவு. அதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அவர் ஸேலந்த் மாகாணத்தவர். 1953 பிப்ரவரி 1, விடிவதற்கு முன் கடல் உள்ளே வந்தபோது எட்டு வயது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வாட்டர்ஸ்நோட்ராம்ப், வெள்ளப் பேரழிவு. அந்தச் சொல்லை அசைக்கு ஒரு தட்டாக மேஜையில் நான்கு முறை விரலால் தட்டிக் காட்டினார், ஒரு தட்டு மட்டும் பலமாக. நான் நாகப்பட்டினம் என்றேன், 2004 என்றேன். உங்கள் மொழியில் அதற்கு என்ன சொல் என்று கேட்டார். சுனாமி என்றேன். அது ஜப்பான்காரர்களின் சொல் அல்லவா என்றார். ஆமாம் என்றேன். கடற்கோள் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது; ஆனால் அந்த டிசம்பர் காலையில் எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கத்தவில்லை. "தண்ணி வருது"தான்.

சரி, பிரிப்பதையாவது எப்படியோ கற்றுக்கொள்ளலாம். அழுத்தம் என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் எனக்குத் தீராத மனத்தாங்கல். நாம் எல்லா எழுத்துக்கும் ஒரே கூலி கொடுத்துப் பழகியவர்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, கணக்கு முடிந்தது. இங்கே ஒரு அசைக்கு மொத்தக் கூலியும் போய்விடும். மற்றவை அரைகுறையாக முனகிவிட்டு ஓடிப்போகும். யாருக்குக் கொடுப்பது என்று எழுத்தில் எந்த அடையாளமும் இருக்காது.

வந்த புதிதில் பேருந்தில் ஏறி 'ஸீக்கன்ஹௌஸ்' போகுமா என்று கேட்டேன். மருத்துவமனை. ஸீ, க்கன், ஹௌஸ் மூன்றுக்கும் சமமாக மரியாதை கொடுத்துத்தான் கேட்டேன். ஓட்டுநர் மூன்று முறை 'என்ன?' என்றார். பின்னால் நின்ற பெண் 'ஸீ'யை ஓங்கி ஒரு அடி அடித்து மீதியை விழுங்கிச் சொன்னதும், "ஓ!" என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. நான் சொன்னதும் அதே எழுத்துகள்தானே ஐயா!

வகுப்பில் விதியைச் சொல்லிக் கொடுத்தார்கள்: கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் முதல் சொல்லுக்குத்தான் அழுத்தம். அப்பாடா என்று மறுவாரமே நகராட்சி அலுவலகத்துக்கு வழி கேட்கும்போது 'ஸ்டாட்'டை ஓங்கி அடித்து 'ஸ்டாட்ஹௌஸ்' என்றேன். தவறு. அதில் மட்டும் அழுத்தம் பின்னால், ஹௌஸ் மேல். மருத்துவமனையில் மதிப்பில்லாத அதே ஹௌஸ், நகராட்சிக்கு வந்ததும் முதலாளி ஆகிவிடுகிறது. பூரன்கோல் என்ற கீரையும் அப்படித்தான், கடைசியில் அழுத்தம். புத்தாண்டு வாழ்த்தில் வரும் நியூயார்-உம் அப்படியே. ஐந்தோவனுக்கு முன்னால், ஆம்ஸ்டர்டாமுக்குப் பின்னால். யாரைக் கேட்டாலும் "அது அப்படித்தான்" என்கிறார்கள். நம்மிடம் ஒரு வெளிநாட்டுக்காரர் வல்லினம் ஏன் இங்கே மிகுந்தது, அங்கே மிகவில்லை என்று கேட்டால் நாமும் அதையேதான் சொல்வோம், ஒப்புக்கொள்கிறேன்.

உச்சகட்டம் டாக்டரிடம் நடந்தது. 'ஹௌஸ்ஆர்ட்ஸ்', அதாவது வீட்டு மருத்துவர், வீட்டுக்கு நாம்தான் போக வேண்டும். தலைவலி வராமல் தடுப்பது எப்படி என்று கேட்கப் பாடம் செய்துகொண்டு போனேன். 'வோர்கோமன்' என்ற வினைச்சொல்லில் கோ மேல் அழுத்தினால் தடுப்பது. வோர் மேல் அழுத்தினால் நிகழ்வது. முதல் அசை விதியைப் பக்தியோடு கடைப்பிடித்தேன். தலைவலியாக நான் எப்படி நிகழ்வது என்பதுபோல ஏதோ ஒன்று அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். பாராசிட்டமால் சாப்பிடச் சொன்னார்.

இத்தனைக்கும் டச்சு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர்கள் இவர்கள். 1690இல் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமையிடத்தையே பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயர் வந்து பிடுங்கும்வரை அவர்கள்தான். இதை மெஃப்ரௌவிடம் சொன்னபோது, உங்கள் மொழியில் எங்கள் சொல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஆவலாகக் கேட்டார். துட்டு என்றேன். 'டௌட்' என்ற பழைய காசு, கைதட்டினார். வேறு? ஒரு சொல் இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றேன். விடவில்லை. கக்கூஸ் என்றேன்.

ஒரு நொடி யோசித்தார். "காக்-ஹௌஸ்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இங்கே இப்போது அது நாகரிகமான சொல் இல்லை. அப்புறம் மெல்ல, எங்கள் ஸேலந்த் பேச்சில் ஹௌஸ் என்று சொல்ல மாட்டோம், 'ஊஸ்' என்போம் என்றார். காக், ஊஸ். காக்கூஸ். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். ஊர் முழுக்கக் கூச்சமில்லாமல் புழங்கும் சொல்லின் நடுவில் இப்படி ஒரு தையல் ஓடுவது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டச்சுக் கூட்டுச்சொல் ஒன்றை நான் மூன்று வயதிலிருந்து பிழையில்லாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்!

இப்போது மூன்று குளிர்காலம் கடந்தாயிற்று. மழையில் சைக்கிள் ஓட்டுகிறேன். 'பன்னன்கூக்' என்ற தோசைக்கு நடுவில் 1995இல் ஒரு 'ன்'னைச் சேர்த்ததற்காக இவர்கள் இன்னும் புலம்புவதைக் கேட்டு, எங்கள் ஒற்றுப்பிழைச் சண்டை மாதிரியே இருக்கிறது என்று சிரிக்கத் தெரிகிறது. பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். போன மாதம் என் கணவருக்கு ஆபீஸிலிருந்து 'அவுச்ச' என்று ஒரு அழைப்பு வந்தது. அவுட்-ச்ச, குட்டி உலா. போனில் இருந்த மொழிபெயர்ப்பு செயலி அதை 'அவு-ச்ச' என்று பிரித்து, 'சின்ன வெங்காயம்' என்று காட்டியது. சிரித்துக்கொண்டே இருந்தவள், கொல்லைப்புறத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சின்ன வெங்காயம் உரிக்கிற நினைப்பு வந்து உட்கார்ந்துவிட்டேன். இங்கே கிடைக்கிற ஷாலட்டில் சாம்பார் வைக்கலாம். வைக்கலாம், அவ்வளவுதான்.

சின்னவள் இங்கே பள்ளியில் சொற்களைக் கைதட்டிப் பிரிக்கப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் 'அம்மாச்சி' என்று கூப்பிட்டாள். முதல் அசையை ஓங்கி அடித்து, மீதியை விழுங்கி. "என்னடி சொல்றா இவ?" என்றாள் என் அம்மா. அவள் விடவில்லை. அம்மாச்சிக்குப் பாடம் எடுக்கிறேன் என்று நாகப்பட்டினத்தை ஐந்து தட்டாகத் தட்டிக் காட்டினாள். நா, கப், பட், டி, னம். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல எதைம்மா சத்தமா சொல்லணும்?" என்று கேட்டாள்.

நான் மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனிலிருந்து அம்மாதான் பதில் சொன்னாள்.

"எல்லாத்தையும் சத்தமாச் சொல்லு தங்கம். இங்க லைன் சரியில்ல."