வெஜைனிஸ்மஸ்: நான் எடுத்துக்கொண்ட சிகிச்சை

"மனசை லேசா வெச்சுக்கோங்க, தானா சரியாயிடும்" என்று முதலில் பார்த்த மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். அது கைவந்திருந்தால் அவரிடம் ஏன் போகப்போகிறேன்? உடலுறவுக்கு முயன்றாலே யோனி இறுகி அடைத்துக்கொள்ளும். மீறினால் சுரீரென்று எரியும்.

அடுத்துப் பார்த்த மகப்பேறு மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். "நிறுத்துன்னா உடனே நிறுத்திடுவேன்" என்று சொல்லிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் யோனி வாயிலைச் சுற்றி மெல்லத் தொட்டுத் தொட்டு எங்கே வலிக்கிறது என்று பார்த்தார். தொற்று, வறட்சி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) எல்லாமே வலி தரும் என்பதால் முதலில் அவை இல்லையென்று உறுதி செய்துகொண்டார். இதுதான் வெஜைனிஸ்மஸ் என்றார்: கண்ணருகே விரல் வந்தால் இமை மூடிக்கொள்வதுபோல, யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் நம்மைக் கேட்காமலே இறுகிவிடுகின்றன. வலித்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் இறுகும். ஆசை இல்லாததால் வருவதல்ல என்பதை என் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார். எனக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

அவர் போட்ட முதல் நிபந்தனை, இப்போதைக்கு உறவு முயற்சியே வேண்டாம் என்பது. பிசியோதெரபியோடு கவுன்சலிங்கும் எழுதிக்கொடுத்தார். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடே வலி, பயம், இறுக்கம் மூன்றையும் ஒரே பிரச்சினையாகத்தான் சேர்த்திருக்கிறது.

இணையத்தில் எங்கே பார்த்தாலும் கெகல் பயிற்சி, அதாவது இடுப்புத்தளத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சி, செய்யச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை இன்னும் இறுக்கி என்ன பயன்? நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது தளர்த்துவதை. வயிறு விரிய மூச்சை இழுக்கும்போது இடுப்புத்தளமும் சற்றுக் கீழிறங்கும். அதைக் கவனிப்பதுதான் பாடம். "பல்லைக் கடிக்கிறீங்க, தாடையை விடுங்க" என்பார் பிசியோதெரபிஸ்ட். தாடையை விட்டால் கீழேயும் இளகுவது எனக்கே தெரிந்தது.

பிறகு டைலேட்டர்: யோனிக்குள் வைத்துப் பழக, படிப்படியாகப் பெரிதாகும் அளவுகளில் வரும் வழவழப்பான குச்சிகள். சுண்டுவிரலைவிட மெல்லியதில் தொடங்கினேன். என்னுடையது சிலிகான் என்பதால், நீரை அடிப்படையாகக் கொண்ட லூப்ரிகன்ட்தான் (வழுக்குப் பசை) பூச வேண்டும். சிலிகான் லூப்ரிகன்ட் அதைக் கெடுத்துவிடலாம். அழுத்தித் தள்ளக் கூடாது. மூச்சை விட்டபடி மெல்ல நுழைத்து அசைக்காமல் வைத்திருந்தால், சற்று நேரத்தில் பிடி தளரும். எரிந்தால் முந்தைய அளவுக்கே திரும்பிவிடுவேன். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும்.

பெரிய அளவுகள் பழகியபின் கணவரின் கையில் கொடுத்தேன், அவர் கைமேல் என் கையை வைத்துக்கொண்டு. உறவுக்குத் திரும்பியதும் அதே முறையில்தான்: நான் மேலே, வேகம் என் கையில், முதலில் அசைவே இல்லாமல். இதில் சரியாகாத சிலருக்கு தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும் போடுவதுண்டு. எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.