மூலிகைப் பவுடரும் 68 கூமுட்டையும்

தை மாதக் கடைசியில் இன்குபேட்டரில், அதாவது குஞ்சு பொரிக்கும் மெஷினில், 90 முட்டை வைத்தேன். எல்லாம் என் வீட்டுச் சிறுவிடைக் கோழி போட்டவை. 21ஆம் நாள் பொரித்தது 22 குஞ்சு. மிச்சம் 68 முட்டையையும் ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். அப்படிப் புதைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

திருவாரூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. 30 பெட்டை, 4 சேவல். ஒரு நாள் குஞ்சாக விற்பதுதான் வருமானம். வழக்கமாக 90க்கு 70 குஞ்சுக்குக் குறையாது. மார்கழியில் தீவனக் கடைக்காரர் ஒரு பச்சைப் பாக்கெட்டைக் கொடுத்து, “அக்கா, முழுக்க மூலிகை. தீவனத்துல கலந்து போடுங்க, முட்டையும் கூடும், கருவும் நல்லா கூடும்” என்றார். கிலோ 280 ரூபாய். மேலே முருங்கையிலைப் படம் போட்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் படிக்காமல் வாங்கியது நான்தான். 5 கிலோ வாங்கினேன்.

முட்டை எண்ணிக்கை குறையவில்லை. அதனால் பவுடர் மேல் சந்தேகமே வரவில்லை. முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். புதுத் தெர்மாமீட்டர் வாங்கினேன், தண்ணீர்த் தட்டை மாற்றினேன். எல்லாம் வீண் செலவு. மெஷின் மேல் தப்பில்லை என்று காட்டியது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. என்னிடம் 11 முட்டை வாங்கி அடை வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்று, “என் கோழி 21 நாளு சரியா இரை எடுக்காம அடையில கெடந்துச்சுடி. ரெண்டே ரெண்டு குஞ்சு. மீதியெல்லாம் கூமுட்டை” என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. கோழியே அடைகாத்தும் பொரிக்கவில்லை என்றால் குறை முட்டையில்தான்.

கால்நடை மருந்தகத்துக்கு முதல் தடவை போனபோது டாக்டர் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டார். இரண்டாம் தடவை அங்கிருந்த உதவியாளர், “செத்த கோழி இருந்தா கொண்டா, முட்டையெல்லாம் பாக்க முடியாது” என்று திருப்பி அனுப்பினார். போக வர 24 கிலோமீட்டர், அரை நாள் வேலை போச்சு. மூன்றாம் தடவை டாக்டரம்மா இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை.

“ஏம்மா, பொரிக்காத முட்டையில எத்தனை தெளிவா இருந்துச்சு, எத்தனைல ரத்த வளையம் இருந்துச்சு?”

நான் எதையும் உடைத்துப் பார்க்கவில்லை, எல்லாம் குழிக்குள். அவர் திட்டவில்லை. உட்கார வைத்து விளக்கினார். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்தால் முட்டை மூன்று விதமாகத் தெரியும். சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால் மாதிரி விரிந்து நடுவில் கறுப்புப் புள்ளி இருந்தால் கரு உயிரோடு இருக்கிறது. ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு கூடி, பிறகு செத்திருக்கிறது. வெறும் மஞ்சளாக, விளக்கு மாதிரி இருந்தால் பெரும்பாலும் கருவே கூடவில்லை. கூடவில்லை என்றால் முதலில் சேவலைப் பார்க்க வேண்டும். கூடிச் செத்தது என்றால் முட்டையைச் சேமித்த விதம், மெஷின் சூடு, தாய்க்கோழியின் தீவனம். பொரிக்காத முட்டையைத் தயவுசெய்து யாரும் பார்க்காமல் கொட்டாதீர்கள்.

அடுத்த 90 வைத்து ஏழாம் நாள் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு டார்ச் அடித்தேன். தெளிவு 43, வளையம் 11, உயிர் 36. சேவல் நாலும் துள்ளிக்கொண்டுதான் திரிந்தன, மிதிக்கவும் செய்தன. 30 பெட்டைக்கு 4 சேவல் போதும், கணக்கிலும் குறையில்லை.

இந்தக் கணக்கோடு போனபோதுதான் டாக்டரம்மா தீவனத்தில் புதிதாக என்ன சேர்த்தாய் என்று கேட்டார். பவுடரைச் சொன்னேன். இரண்டு சோதனை சொல்லிக்கொடுத்தார். ஒன்று, ஒரு ஸ்பூன் பவுடரைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஊற விடுவது. இலைத்தூள் மேலே மிதந்தது, அடியில் கறுப்புத் தோல் துணுக்குகள் தங்கின. ஒன்றை விரலில் எடுத்துத் தேய்த்தால் வெள்ளையாகப் பஞ்சு இழை ஒட்டிக்கொண்டு வந்தது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு! நெல் தரிசில் பருத்தி போடுகிற ஊர்க்காரிக்கு அதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம்.

இரண்டாவது, மூன்று முட்டையை ஃபிரிட்ஜில் நாலு வாரம் வைத்து உடைப்பது. அதன் முடிவு வருகிற வரை காத்திருக்காமல் பவுடரை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். நாலு வாரம் கழித்து வெள்ளைத் தட்டில் உடைத்தேன். இரண்டில் மஞ்சள்கரு மஞ்சளாக இல்லை. பழைய ஊறுகாய் எண்ணெய் மாதிரி பச்சையும் பழுப்புமாக இருந்தது. வெள்ளைக்கருவில் லேசாக ரோஸ் நிறம் ஓடியிருந்தது.

பருத்திக்கொட்டையில் காசிபால் என்று ஒரு பொருள் இருக்கிறது. வளர்ந்த மாட்டின் அசைபோடும் வயிறு அதை ஓரளவு சமாளித்துவிடும், கோழிக்கு அந்த வயிறு இல்லை. சேவலின் விந்தணுவைக் குறைப்பது அது. மஞ்சள்கருவின் நிறத்தைக் கெடுப்பதும் அதுதான். வெள்ளைக்கருவை ரோஸ் ஆக்குவது அதே கொட்டையின் எண்ணெயில் உள்ள வேறு கொழுப்பு, பொரிப்பையும் குறைக்கும். அதனால்தான் எனக்குத் தெளிவு முட்டையும் அதிகமானது, வளையமும் அதிகமானது.

பாக்கெட்டோடு கடைக்குப் போனேன். “பில் இருக்காக்கா?” என்றார். இல்லை. “அப்ப நான் என்ன பண்ணட்டும்? பனியில பொரிக்கலை போலருக்கு.” ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. தீவனம் எதை வாங்கினாலும் பில் கேளுங்கள், உள்ளடக்கம் அச்சிடாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

செடி என்பதால் எல்லாம் நல்லதாகிவிடாது என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். சவுண்டல் (சூபாபுல்) இலையில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, கோழிக்கு அதிகம் போனால் முட்டை குறையும். வேப்பிலை ஆண் விலங்குகளின் விந்தணுவைக் குறைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள், ஆகவே இனப்பெருக்கச் சேவலுக்கு மாதக்கணக்கில் தினமும் போட வேண்டாம். முருங்கையிலை நல்லது, அதுவும் அளவோடு. நான் இப்போது கிலோ தீவனத்துக்கு 30 கிராம்தான் சேர்க்கிறேன், வீட்டு மரத்து இலை, நிழலில் காய்ந்தது. கையால் நொறுக்கினால் அப்பளம் மாதிரி உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காய வைக்கவே வேண்டாம், பச்சையாகவே கட்டித் தொங்கவிடுங்கள், கொத்தித் தின்னட்டும். பூஞ்சை பிடித்த தவிடும் குருணையும் பொரிப்பைக் கெடுக்கும்.

நிறுத்திய மறுநாளே சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாது. சேவலுக்குப் புது விந்தணு உருவாக இரண்டு வாரம் போல ஆகும். பெட்டை பழைய விந்தையும் இரண்டு வாரம் உடம்பில் சேமித்து வைத்திருக்கும். அதனால் நாலு வாரம் ஒரு முட்டையும் அடைக்கு வைக்கவில்லை, கேட்டு வந்தவர்களுக்கும் கொடுக்கவில்லை. கையில் காசு இல்லாத மாதம் அது.

சித்திரையில் 90 வைத்தேன். ஏழாம் நாள் தெளிவு 10, வளையம் 4. பொரித்தது 71. கடைசிக் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்தபோது விடிகாலை மூன்று மணி, நான் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மிச்சப் பவுடரை எருக்குழியில் கொட்டியாயிற்று. பெரியம்மாவுக்கு 11 முட்டை சும்மா கொடுத்திருக்கிறேன். அவர்கள் கோழி மறுபடி அடையில் உட்கார்ந்து இன்றைக்கு ஏழாம் நாள். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.