பின் சக்கரத்துக்கு 36 துளை ரிம்: ஸ்பிதி பயணத்துக்கு முன்னால் செய்த வேலை

பர்கூர் மலையிலிருந்து இறங்கும்போதுதான் என் சைக்கிளின் பின் சக்கரத்தில் முதல் கம்பி (ஸ்போக்) போனது. ஜனவரி மாதம். தாமரைக்கரையில் டீ குடித்துவிட்டு அந்தியூர் பக்கம் வந்துகொண்டிருந்தேன். பின் கேரியரில் இரண்டு பை, கூடாரம், அடுப்பு, அரிசி, தண்ணீர். தார் பெயர்ந்து ஜல்லி துருத்திக்கொண்டிருந்த ஒரு வளைவில் பின் சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறியது. ‘டிங்’ என்று ஒரு சத்தம். அடுத்த சுற்றிலிருந்தே ரிம் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. பின் பிரேக்கைக் கழற்றிவிட்டு முன் பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாக இறங்கினேன். வரட்டுப்பள்ளம் அணை வருவதற்குள் இன்னொரு கம்பியும் போய்விட்டது. அந்தியூரிலிருந்து ஈரோட்டுக்கு ஒரு மினி லாரியில்தான் வந்து சேர்ந்தேன்.

இந்தச் சைக்கிளில் செப்டம்பரில் இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்பது என் திட்டம். சிம்லாவில் தொடங்கி நாகோ, டாபோ, காசா வழியாகக் குன்சும் கணவாய் ஏறி மணாலியில் இறங்குவது. கணவாய் 4,500 மீட்டருக்கும் மேல். அதைத் தாண்டி பாத்தலிலிருந்து கிராம்பு வரைக்கும் உள்ள பகுதியைச் சாலை என்று சொல்வதே அதிகம். உருண்டைக் கல்லும், குறுக்கே ஓடும் பனி உருகிய ஓடைகளும்தான். பர்கூரில் உடைகிற சக்கரம் அங்கே என்ன ஆகும்?

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் சக்கரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். கோட்டம் எடுத்துக் கம்பி மாற்றிக் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கம்பியைத் தொடவே இல்லை. ரிம்மின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இங்க பாருங்க தம்பி" என்று கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் இருக்கும் இடத்தைக் காட்டினார். கியர் பக்கத் துளைகள் இரண்டைச் சுற்றி முடி கனத்தில் விரிசல். அப்புறம் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை ரிம்மின் பக்கவாட்டுச் சுவரில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவே பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தது. ஆறு வருடமாகப் பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்துச் சுவர் உள்வாங்கியிருந்தது. அந்தச் சுவர் மெலிந்துகொண்டே போனால் ஒரு நாள் டியூப் காற்றின் அழுத்தத்திலேயே பிளந்துவிடும். மலை இறக்கத்தில் அது நடந்தால் உயிர் தப்புவது கஷ்டம். ரிம் பிரேக் வைத்திருக்கும் எல்லோரும் இந்த ஸ்கேல் சோதனையை வருடம் ஒரு முறையாவது செய்து பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

சரி, புது ரிம் என்று முடிவானது. எது வாங்குவது என்பதில் ஒரு மாதம் போனது.

முதலில் என் சக்கரம் தாங்க வேண்டிய எடை எவ்வளவு என்று பார்த்தேன். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசைப் பின் சக்கரத்துக்கு அடியில் வைத்து, முன் சக்கரத்துக்கு அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, பையெல்லாம் மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தம்பி கீழே படுத்து எண்ணைப் படித்தான். நான், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 116 கிலோ. அதில் 77 கிலோ பின் சக்கரத்தில். மூன்றில் இரண்டு பங்கு! அடுப்பு, அரிசி, தண்ணீர் மூன்றையும் முன் பக்கப் பைகளுக்கு மாற்றியதும் 69 ஆகக் குறைந்தது. காசு செலவில்லாமல் பின் சக்கரத்துக்குக் கிடைத்த முதல் நிவாரணம் இதுதான்.

எடை ஏறிய சக்கரத்தில் நடப்பது இதுதான்: தரையைத் தொடும் இடத்தில் இருக்கிற கம்பிகள் அந்த நொடியில் இறுக்கம் குறைந்து, மேலே போனதும் மறுபடி இறுகுகின்றன. என் 26 இன்ச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 தடவை சுற்றும். நூறு கிலோமீட்டர் போனால் ஒவ்வொரு கம்பியும் 48 ஆயிரம் தடவை தளர்ந்து இறுகியிருக்கும். ஒரு கம்பியை ஆணியில் வைத்துத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடியுமே, அதே கதைதான். அதனால்தான் என் கம்பிகள் இரண்டும் நடுவில் ஒடியாமல், சக்கர நடுவில் உள்ள ஹப்பில் மாட்டும் தலை வளைவிலேயே ஒடிந்திருந்தன. ஆரம்பத்திலேயே தளர்வாகக் கட்டிய சக்கரமாக இருந்தால் இந்த ஆட்டம் இன்னும் அதிகம். ஆக, நல்ல ரிம் என்றால் எனக்குப் புரிந்த அர்த்தம் இவ்வளவுதான்: கம்பியை நன்றாக இழுத்துக் கட்டினாலும் விரிசல் விடாத ரிம். குழியில் நெளியாமல் இருப்பது அதற்கு அடுத்ததுதான்.

கடை அண்ணனுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கடை ஓரத்தில் நின்ற பழைய 28 இன்ச் பால்காரர் சைக்கிளைக் காட்டினார். முன்னால் 32 கம்பி, பின்னால் 40. "கேனோட அத்தனை பாரமும் பின்னாலதானுங்களே. அப்பவே கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்காங்க." அந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை பக்கவாட்டில் பிடிக்காது, உள்பக்கத்தில்தான் பிடிக்கும். அதனால் பக்கச் சுவர் தேயாது. நெளிந்தாலும் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் கனம் அதிகம், மழையில் பிரேக்கும் சுத்தமாகப் பிடிக்காது. மலைக்கு அது எனக்குச் சரிப்படவில்லை. அந்தக் கம்பிக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். என் பழைய ரிம்மில் இரண்டு பக்கமும் சேர்த்து 32 துளைதான். புதுசு 36 என்று உறுதி செய்தேன்.

நீண்ட பயணம் போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் பெயர்களில் ரைட் நிறுவனத்தின் ஆண்ட்ரா ஒன்று. கம்பி ஹப்பை நோக்கி நேராகப் போகும்படி அதில் துளையையே சாய்த்துப் போட்டிருப்பார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சன் நிறுவனத்தின் ரைனோ லைட் இன்னொன்று. இரண்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியோடு சேர்த்து என் பட்ஜெட்டைத் தாண்டியது. கடைசியில் கோயம்புத்தூரில் கிடைத்த ஒரு தைவான் ரிம்மை வாங்கினேன். இரட்டைச் சுவர், ஒவ்வொரு துளையிலும் உலோக வளையம், பிரேக் பிடிக்கும் இடத்தில் தேய்மானம் காட்டும் கோடு, உள் அகலம் 23 மி.மீ., சமையலறைத் தராசில் 605 கிராம். பழையதைவிட 130 கிராம் கூடுதல். பாரம் ஏற்றிப் போகிற சைக்கிளில் இந்த 130 கிராம் அரை டம்ளர் தண்ணீருக்குச் சற்று மேல். அதற்காக மெல்லிய ரிம் வாங்குவது வீண்.

அகலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் போடுவது 26 x 2.00 டயர். குறுகலான ரிம்மில் இந்த டயரைப் போட்டால் அது பல்பு மாதிரி உப்பி, வளைவில் பக்கவாட்டில் ஆடும். அதைச் சமாளிக்கக் காற்றை அதிகமாக அடிக்கத் தோன்றும். அகல டயரில் அதிகக் காற்று என்றால் ரிம் சுவர்களை வெளியே தள்ளும் விசையும் அதிகம். 23 மி.மீ. ரிம்மில் பின்னால் 42 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிறேன். டயர் ஆடவும் இல்லை, குழியில் ரிம் தட்டவும் இல்லை. உண்மையில் ரிம்மைக் காப்பாற்றும் முதல் ஆள் டயர்தான்.

ஹப்பும் மாற்ற வேண்டியதாயிற்று. 36 துளையில் ஷிமானோ டியோர் வாங்கினேன். பழைய ஃப்ரீவீல் வகை ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும், பாரத்தில் ஆக்சில் வளையும். பின் பல்சக்கரங்கள் ஹப்பின் மேலேயே பொருந்தும் கேசட் வகையில் அந்தத் தொல்லை குறைவு. கம்பிக்கு, இரு முனையிலும் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ள ஸ்டெயின்லெஸ் வகை. ஒல்லியான கம்பி எப்படிப் பலம் என்று முதலில் எனக்கும் சந்தேகம்தான். நடுப்பகுதி கொஞ்சம் ரப்பர் மாதிரி நீளும். அதனால் தலை வளைவுக்குப் போகும் அடி குறையும், கீழே வரும்போது கம்பி முழுக்கத் தளர்ந்தும் போகாது. நிப்பிள் பித்தளை. அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

மார்ச் முழுக்கச் சனி, ஞாயிறு அண்ணன் கடையில்தான் இருந்தேன். முதலில் ரிம்மின் உள்விட்டத்தை எடுத்தேன். இரண்டு பழைய கம்பிகளை 250 மி.மீ.க்கு வெட்டி, எதிரெதிர்த் துளையில் நிப்பிளோடு மாட்டி, இடைவெளியை அளந்து கூட்டினால் 544 வந்தது. கணக்குப் போட்டதில் இடப்பக்கம் 262, கியர் பக்கம் 260 மி.மீ. கம்பி. மூன்று கம்பியைத் தாண்டும் பின்னல். முதல் தடவை பின்னி முடித்தபோது வால்வுத் துளை இரண்டு கம்பிகள் குறுக்கே போகும் இடத்தில் வந்து மாட்டியிருந்தது. பம்பின் தலை நுழையவே இடமில்லை. மொத்தத்தையும் பிரித்து மறுபடி பின்னினேன். ஒரு நாள் போனது. இரண்டாவது தடவை கை தானாகப் போனது.

கோட்டம் எடுப்பதைச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்துச் செய்தேன். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது என்பது அண்ணனின் கட்டளை. திருகும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கூடுதலாகத் திருகி, அதே அளவு பின்னால் விட வேண்டும். கியர் பக்கம் கேசட்டுக்கு இடம் விடுவதால் அந்தப் பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். ரிம்மை நடுவில் நிறுத்த அவை இடப்பக்கத்தைவிட அதிகமாக இழுக்க வேண்டும். நண்பர் ஒருவரிடம் இறுக்கம் அளக்கும் கருவி வாங்கிப் பார்த்தேன். கியர் பக்கம் 115 கிலோ, இடப்பக்கம் 70. எண்ணைவிட முக்கியம், ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பது. என் பழைய சக்கரத்தை அதே கருவியில் வைத்தேன். கியர் பக்கத்திலேயே ஒரு கம்பி 130, பக்கத்தில் இருப்பது 80. விரிசல் விட்ட துளை இரண்டும் அந்த அதிக இறுக்கக் கம்பிகளுடையவைதான். ஆறு வருடமாகக் கோணலை மட்டும் நேராக்கியிருக்கிறேன், இறுக்கத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணன் சொன்ன ஒரு வேலை: இணையாகப் போகும் இரண்டிரண்டு கம்பிகளாகக் கையில் சேர்த்துப் பிடித்து, முடிந்த மட்டும் அழுத்திக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி வருவது. கம்பியின் தலை ஹப்பில் சரியாக உட்காரும். கையுறை போட்டுச் செய்தும் உள்ளங்கை கன்றிப்போனது. ஆனால் அதற்கப்புறம் பார்த்தால் ரிம் மறுபடி ஒன்றரை மி.மீ. விலகியிருந்தது. சாலையில் நடக்க வேண்டிய இளக்கம் கடையிலேயே நடந்து முடிந்தது. மூன்று தடவை அழுத்தி, மூன்று தடவை கோட்டம் எடுத்தேன். நான்காவது தடவை அசையவில்லை.

முதல் சோதனை ஏப்ரலில். பைகளில் துணிமணிக்குப் பதில் மணல் மூட்டை, மொத்தம் 24 கிலோ. அதே பர்கூர் சாலை, அதே வளைவு. சிவப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மாடுகள் வழியை மறித்து நின்றபோது மட்டும்தான் இறங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடப்பக்கத்தில் இரண்டு கம்பிகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. ரிம் விலகல் ஒரு மி.மீ.க்கும் கீழே. இரண்டாவது, மே மாதம், பர்கூர் தாண்டி ஹனூர், கொள்ளேகால் வரை போய்த் திரும்பியது. மூன்று நாள். ஒரு கம்பிகூடத் தளரவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், துளைகளை லென்ஸில் பார்த்தேன், சுத்தம்.

இப்போது அந்தச் சக்கரம் 900 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர் பக்க அளவில் நான்கு, இடப்பக்க அளவில் இரண்டு உபரிக் கம்பிகளைச் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். கேசட் கழற்றும் சாவியும் பையில் இருக்கிறது. அது இல்லாமல் கியர் பக்கக் கம்பியை நடுவழியில் மாற்றவே முடியாது.

போன ஞாயிறு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கம்பி கம்பியாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே சுரம் வந்துகொண்டிருந்தது. வால்வுக்கு இடப்பக்கம் மூன்றாவது கம்பியில் நின்றார். மறுபடி தட்டினார். "இது மட்டும் கால் சுத்துங்க தம்பி" என்று சாவியை என் கையில் கொடுத்தார். கருவியை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் மற்றவை 70, அது 64.

முன் சக்கரத்துக்கான ரிம்மும் வந்துவிட்டது. வரும் சனிக்கிழமை பின்ன ஆரம்பிக்கிறேன்.