நம்ம பக்கம் பார்த்து படுத்திருக்கிற ரெங்கநாதர்

இலங்கை மலையகத்துல இருக்கிற ஹட்டன்ல இருந்து நாங்க கொஞ்சப் பேர் சேர்ந்து திருச்சிக்கு யாத்திரை போனோம், அதுல ஸ்ரீரங்கம்தான் மனசுல ஒட்டிக்கிச்சு. முக்கொம்புல காவேரி ரெண்டா பிரிஞ்சு ஒன்னு கொள்ளிடமா போகுது, நடுவுல இருக்கிற தீவுதான் ஸ்ரீரங்கம். ஏழு சுத்து மதில்ல உள்ளுக்குள்ள சாமி, வெளிச் சுத்துல வீடு, இட்லிக் கடை, பைக்குன்னு ஒரு ஊரே இருக்கு. 236 அடி ராஜகோபுரம் பல நூறு வருஷம் மொட்டையா நின்னு 1987லதான் முடிஞ்சிருக்கு.

ராமர் குடுத்த பெருமாளை விபீஷணன் இலங்கைக்குத் தூக்கிட்டு வர்ற வழியில இங்க இறக்கி வச்சான், திரும்ப எடுக்க ஏலாம போச்சு, அவன் அழவும் ‘ஒன் நாட்டைப் பார்த்தே படுத்துக்கிறேன்’னு சொல்லி தெற்கால பார்த்து படுத்துட்டாராம். இதைக் கேட்டதும் எங்களோட வந்த, தேயிலைக் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருத்தங்க சன்னதியிலயே ‘அப்ப நம்மளத்தான் பார்க்குறாரா சாமி’ன்னு சத்தமா கேட்டுட்டாங்க, பின்னால இருந்து ‘நகருங்க நகருங்க’ன்னு ஒரே தள்ளு.

ஆனா எனக்கு ஒறைச்சது வேற கதை. 1311ல டெல்லி சுல்தானோட தளபதி மாலிக் கபூர் வந்து கொள்ளையடிச்சிட்டுப் போயிருக்கான், 1323ல திரும்ப டெல்லிப் படை வந்தப்போ மூலவருக்கு முன்னால சுவரு வச்சு மறைச்சிட்டு, வயசான வைணவ ஆச்சாரியார் பிள்ளை லோகாச்சாரியார் உற்சவரைத் தூக்கிட்டு மதுரைப் பக்கம் ஓடி வழியிலயே கண்ண மூடிட்டார். அப்புறம் சாமி மலையாள நாடு, மேல்கோட்டை, திருப்பதின்னு அலைஞ்சு 1371லதான் வீடு வந்து சேர்ந்தார். 48 வருஷம்! சாமியே அகதியா சுத்தியிருக்காரு. எங்க தேயிலைத் தோட்டத்துலயும் பல குடும்பத்துக்கு பூர்வீகம் திருச்சி ஜில்லாதான், தோட்டத்து சனத்துல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு நாடும் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பொறகு பாதி சனம் தலைமன்னார்ல கப்பலேறிப் போச்சு, அந்தக் கப்பலுக்குப் பேரும் ராமானுஜம்.

அதனாலயோ என்னமோ ராமானுஜர் சன்னதியில ரொம்ப நேரம் நின்னுட்டேன். அவரோட திருமேனியேதான் அங்க இருக்குன்னு ஐதீகம், வருஷத்துக்கு ரெண்டு தடவை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்துறாங்க, அதனால காவி நெறமா உட்கார்ந்திருக்கார்.

போறவங்க திருவானைக்காவையும் விட்டுறாதீங்க, அதுவும் இதே தீவுலதான், தண்ணி ஊறுற லிங்கம். உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் சேலை கட்டிட்டு வருவார், அதப் பார்க்கணும்னா வெள்ளனவே கெளம்பிருங்க.