அறுபதுக்கு மேல் அறிய வேண்டியவை காசில்லாமலே கிடைக்கின்றன

முதியோர் உடல்நலம் குறித்து நம்பகமான தகவல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும், பிள்ளைகள் படித்துவிட்டுப் பெரியவர்களுக்கு அறிவுரையாகச் சொல்ல வேண்டியவை அவை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. உடம்பு அவர்களுடையது, அதைப் பற்றிய தாளும் முதலில் அவர்கள் கைக்கே போய்ச் சேர வேண்டும். ஆகவே, ஒரு முதியவர் தாமே படித்து, தாமே செய்து பார்க்கக்கூடியவற்றையே இங்கே முன்வைக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால், உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஐகோப்' (முதியோருக்கான ஒருங்கிணைந்த பராமரிப்பு) கையேட்டையே முதலில் சொல்வேன். முதுமையை நோய்களின் பட்டியலாகப் பார்க்காமல், நினைவாற்றல், நடமாட்டம், ஊட்டம், பார்வை, செவித்திறன், மனநிலை என்னும் ஆறு திறன்களாகப் பார்க்கிறது அந்தக் கையேடு. சுகாதாரப் பணியாளர்களுக்காக எழுதப்பட்டதுதான் என்றாலும், அதன் முதற்கட்டச் சோதனைகள் எவருக்கும் புரியும் அளவுக்கு எளிமையானவை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 14 விநாடிகளுக்குள் முடிக்க இயலவில்லை என்றால் நடமாட்டத் திறனை மருத்துவரோ இயன்முறை சிகிச்சையாளரோ விரிவாகப் பார்ப்பது நல்லது. கடந்த மூன்று மாதங்களில் தாமாக முயலாமலே மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்திருக்கிறதா, பசி குறைந்திருக்கிறதா என்பவை ஊட்டம் பற்றிய கேள்விகள். மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்பது நினைவாற்றலுக்கானது. நாற்காலிச் சோதனையைச் செய்யும்போது மட்டும், நாற்காலி நகராதபடி சுவரோடு ஒட்டிப் போட்டு, அருகில் ஒருவர் நின்றுகொள்ள வேண்டும்.

நடமாட்டத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கிறார்கள் என்றும், அவர்களில் மிகுதியானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வயதானால் விழத்தான் செய்வார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்னும் அமைப்பு 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, வீட்டில் வசிக்கும் முதியோரிடையே உடற்பயிற்சி விழுதல்களை ஏறத்தாழ 23 சதவீதம் குறைக்கிறது. இங்கே உடற்பயிற்சி என்பது வெறும் நடைப்பயிற்சி அன்று; சமநிலையைப் பழக்கும் அசைவுகளும், எழுந்து அமர்தல் போன்ற அன்றாடச் செயல்களை ஒத்த பயிற்சிகளுமே பெரும் பலன் தந்திருக்கின்றன. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலையையும் தசை வலிமையையும் சேர்த்துப் பழக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதும் இதனால்தான். காக்ரேன் மதிப்பாய்வுகளின் எளிய சுருக்கங்களை எவரும் இலவசமாகப் படிக்கலாம்.

விழுவதற்கு இன்னொரு காரணம் மருந்துப் பெட்டிக்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதைப் பல குடும்பங்கள் கவனிப்பதில்லை. முதியோருக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பீர்ஸ் என்னும் மருத்துவர் 1991-இல் தம் குழுவினருடன் பட்டியலிட்டார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை இன்றுவரை புதுப்பித்து வருகிறது. விழும் ஆபத்தைக் கூட்டும் தூக்க மாத்திரைகள் பலவும் அதில் உண்டு. சளிக்கும் ஒவ்வாமைக்கும் சிலர் தாமே வாங்கிக்கொள்ளும் டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய மருந்துகளும் உண்டு; இவை முதியோருக்கு மனக்குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை ஏற்படுத்தலாம். பட்டியலைப் பார்த்த கையோடு எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. ஒரு சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே பேராபத்து. செய்ய வேண்டியது வேறு: கண்சொட்டு மருந்து, மூலிகைப் பொடி, எப்போதோ வாங்கி மீந்த மாத்திரை உட்பட வீட்டிலுள்ள அத்தனையையும் ஒரே பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவர் முன்னால் கொட்டிக் காட்ட வேண்டும். எந்த மருந்து எதற்காக, இன்னும் தேவையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

தடுப்பூசிகளைப் பொறுத்தவரை ஃப்ளூ, நிமோகாக்கல், அக்கி ஆகிய மூன்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவைத்தால் போதும். செவித்திறனுக்குச் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். காது கேட்காமையைக் கூச்சத்தால் மறைப்பவர்கள் மிகப் பலர். ஆனால் மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, மாற்றியமைக்கக்கூடிய 14 இடர்க்காரணிகளுள் ஒன்றாகச் செவித்திறன் இழப்பைக் குறிப்பிடுகிறது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், தனிமை, சரிசெய்யப்படாத பார்வைக் குறைபாடு ஆகியவையும் அந்தப் பட்டியலில் அடங்கும். இந்த 14 காரணிகளையும் களைய முடிந்தால் மறதிநோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அந்த அறிக்கையின் கணிப்பு. காது கேட்கும் கருவியை வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

இலவசமாகக் கிடைக்கும் எல்லாமே நம்பத்தக்கவை அல்ல. எழுதியவர் யார், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, பக்கத்தின் முடிவில் ஏதேனும் விற்கப்படுகிறதா ஆகிய மூன்றையும் நான் முதலில் பார்ப்பேன். ஒரே பொருள் சர்க்கரை, மூட்டுவலி, மறதி எல்லாவற்றையும் குணமாக்கும் என்றோ, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடலாம் என்றோ சொல்லும் பக்கத்தை அந்த வரியோடு மூடிவிடலாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்திவரும் மெட்லைன்பிளஸ் தளம் விளம்பரம் ஏற்பதில்லை. ஒரு மருந்தையோ நோயையோ பற்றி முதன்முதலாகப் படிப்பவர்களுக்கு ஏற்றது.

இவற்றுள் பயன்படும் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால், கைபேசித் திரையில் படிக்கச் சிரமப்படுபவர்களும் தம் போக்கில் படித்துக் கோடிட்டுக்கொள்வார்கள். அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களே எழுதிவைக்கலாம்; நேரம் குறைவாக இருக்கும் என்பதால், மனத்தை அதிகம் உறுத்தும் கேள்வியை முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள்.